பரிவாகக் கேட்பது ஒரு வேலை, பரிசீலித்துக் கேட்பது இன்னொரு வேலை: டர்பனில் வீடு வாங்கிய அனுபவம்

வெளிநாட்டில் பக்கத்தில் ஆளில்லாமல் தனியாக நின்று வீடோ காரோ வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் விற்கிறவர் நம்மவராக, வயதில் மூத்தவராக, நல்ல மனிதராக இருந்துவிட்டால் இது இன்னும் அவசியம். ஏமாற்றுக்காரர்களிடம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நல்லவர்கள் பேசும்போது எப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்குள் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ராண்டும் பல மாதத் தூக்கமும் போய்விட்டன.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே ஓவர்போர்ட் பகுதியில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் மகளோடு இருந்தேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தை அங்கிருந்துதான் பார்த்தேன். 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலுமாக நானூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சரிவில் கட்டிய வீடுகள் மண்ணோடு மண்ணாகச் சரிந்தன. அதனால் 2023இல் வீடு தேட ஆரம்பித்தபோது என் முதல் கேள்வியே மழையைப் பற்றித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கிய வீட்டின் பின்சுவர் மழையில் இடிந்து விழுந்த கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் "வெள்ளத்தைப் பத்தி விசாரிக்கலையா?" என்றுதான் கேட்கிறார்கள். விசாரித்தேன். பதிலும் கிடைத்தது. கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சரிவில் இருந்தது அந்த வீடு. மூன்று படுக்கையறை, முன்னால் ஒரு கறிவேப்பிலை மரம், பின்னால் சிமெண்ட் தளம் போட்ட முற்றம், முற்றத்தின் முடிவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தாங்குசுவர். மேல்பக்கத்து மனையின் மண் நம் பக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துகிற சுவர். வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய அங்கிள். ஆன்ட்டிக்கு முழங்கால் வலி, ஜோஹன்னஸ்பர்கில் மகன் வீட்டோடு போய்விடுவதாக முடிவு செய்திருந்தார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், நடுநடுவே 'வாம்மா', 'சாப்பிடு' என்று அவர்களிடம் மிஞ்சியிருக்கிற தமிழ். நான் தமிழ்நாட்டுக்காரி என்று தெரிந்ததும் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அங்கிள் தன் குடும்பக் கதையைச் சொன்னார். பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தது, டர்பனிலேயே கேட்டோ மேனர் பகுதியில் தகரக்கூரை வீடும் காய்கறித் தோட்டமுமாக வாழ்ந்தது, அறுபதுகளில், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டது. அப்பா வைத்த மாமரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே லாரியில் ஏறியதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மகளும் நானும் அவரோடு பின்முற்றத்துக்குப் போனதும் கேட்டேன், "அந்த ஏப்ரல் வெள்ளத்துல இந்த வீட்டுக்கு ஏதாவது பாதிப்பு வந்துச்சா, அங்கிள்?" அவர் யோசிக்கவே இல்லை. "வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரலம்மா. அக்கம்பக்கத்துல யார்கிட்ட வேணாலும் கேளு." கூட வந்திருந்த ஏஜென்ட் அம்மா, "பின்னால சுவரெல்லாம் போன வருஷம்தான் புதுசா பூசினது" என்று சேர்த்துக்கொண்டார். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆன்ட்டி, "டீ ஆறிப்போகுது, உள்ள வாங்க" என்றார். உள்ளே போய்விட்டோம். அது ஜூலை மாதம். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், டர்பனில் ஜூலை என்றால் குளிர்காலம், மழை மிகக் குறைவு. இங்கே மழை கோடையில், அக்டோபரிலிருந்து மார்ச் வரை. காய்ந்த மாதத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் நல்ல சுவராகத்தான் தெரியும். கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்றிருந்தார். "நல்ல வீடு, நல்ல மனுஷங்க. மழைக்காலத்துல மட்டும் பின்பக்கம் ஒரு கண்ணு வெச்சுக்கோ" என்றார். நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். எனக்குத் தேவையான தகவல் எல்லாமே அந்தக் கொஞ்ச நேரத்தில் என் காதில் விழுந்துவிட்டது. நான் கேட்டது வீட்டுக்கு வந்த பாதிப்பைப் பற்றி. அவர் பதில் சொன்னது வீட்டுக்கு உள்ளே வந்த தண்ணீரைப் பற்றி. கேள்வி பெரியது, பதில் சின்னது. நடுவில் இருந்த இடைவெளியை நானே நிரப்பிக்கொண்டு, "வெள்ளத்துல ஒண்ணும் ஆகலயாம்" என்று கணவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். இது ஏன் நடக்கிறது என்பதைப் பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1975இல் வெளியான ஒரு கட்டுரையில் அழகாக விளக்கியிருக்கிறார். எதிரில் இருப்பவர் நமக்கு வேண்டிய அளவுக்குச் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் உரையாடலே நடக்கிறது, அதனால் அவர் சொல்லாமல் விட்டதையும் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறோம். இது யாருடைய முட்டாள்தனமும் இல்லை, பேச்சு என்பதே இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிற இடத்தில் மட்டும் கேள்வியையும் பதிலையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க வேண்டும். பதில் சிறியதாக இருந்தால் மிச்சத்தைக் கேட்க வேண்டும். "உள்ள வரல, சரி அங்கிள். வெளியில எப்படி? முற்றத்துக்கு? இந்தச் சுவருக்கு?" இதில் யார் மனதும் புண்படாது. சந்தேகப்படுகிற தொனியும் இல்லை.

ஏஜென்ட் சொன்னதையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுசாகப் பூசியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன விதத்தில் அது வீட்டுக்கு ஒரு கூடுதல் சிறப்பு மாதிரி வந்து சேர்ந்தது. வெள்ளம் வந்த அதே வருஷம், விற்பதற்கு முந்தைய வருஷம், ஒருத்தர் காசு செலவழித்துப் பின்சுவரைப் பூசினார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். "ஏன் பூசினாங்க? பூசறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? போட்டோ இருக்கா?" என்று கேட்டிருந்தால் போதும். யாராவது ஒரு வேலையைச் செய்து முடித்ததாகச் சொன்னால், அந்த வேலைக்கு அவசியம் எப்படி வந்தது என்று கேட்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா. அங்கே நின்ற அத்தனை பேரிலும் இந்த விற்பனையால் ஐந்து காசு லாபமோ நஷ்டமோ இல்லாதவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்காரருக்கு விலை வேண்டும், ஏஜென்ட்டுக்குக் கமிஷன் வேண்டும், எனக்கே அந்த வீடு பிடித்துப்போய்விட்டதால் நல்ல செய்தி வேண்டும். எதுவும் வேண்டாதவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியத்துக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட எடை அதிகம். அவர் சொன்னதில் 'மட்டும்' என்று ஒரு சொல் இருந்தது. அந்த மாதிரி 'மட்டும்', 'ஆனா', 'பெருசா ஒண்ணும் இல்ல' என்று வருகிற இடத்தில் நின்று, "நீங்க என்ன பாத்தீங்க, அம்மா?" என்று கேளுங்கள். கருத்தைக் கேட்காதீர்கள், கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள்.

விலை 13,50,000 ராண்ட். ஒப்பந்தத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற நிபந்தனை இருந்தது. இங்கே பழைய வீடு விற்கிற ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அநேகமாக இருக்கும். பொருள் இருக்கிற நிலையில் அப்படியே வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அப்புறம் வெளியே தெரியாத குறை ஏதாவது கிளம்பினால், விற்றவருக்கு அது முன்பே தெரியும், தெரிந்தே மறைத்தார் என்று வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டப்படி, ஏஜென்ட் மூலம் விற்கிறவர் வீட்டின் குறைகளை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் படிவத்தை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். எனக்கும் வந்தது. கட்டுமானக் குறை என்ற வரிக்கு நேரே 'நான் அறிந்தவரை இல்லை' என்றிருந்தது. கையெழுத்துப் போடும் நாளன்று அடுக்கின் கடைசியில் அது இருந்தது. அந்தப் படிவத்தை வீடு பார்க்கப் போகும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வீட்டுக்காரரோடு பேசுங்கள். மின்சாரச் சான்றிதழையும், மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்ற சான்றிதழையும் கேட்காமலே கொடுத்தார்கள், தாங்குசுவரைப் பற்றி எந்தச் சான்றிதழும் யாரும் தருவதில்லை. மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தில் அந்தச் சுவர் இருக்கிறதா என்று நாமாகக் கேட்டால்தான் உண்டு.

பதிவு அலுவலகம் இருக்கிற பீட்டர்மாரிட்ஸ்பர்கில் பத்திரம் பதிவாகி, தீபாவளிக்கு முன்னால் குடிபோனோம். ஜனவரியில் ஓர் இரவு, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, பின்பக்கம் பெரிய சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரின் நடுப்பகுதி பிளந்து முற்றத்தில் விழுந்திருந்தது. அதன் பின்னாலிருந்து செம்மண் சேறு சமையலறைக் கதவை நோக்கி வந்துகொண்டே இருந்தது. மகளை எழுப்பி முன்னறைக்குக் கொண்டுபோய், காலில் செருப்பு மாட்டி, பாஸ்போர்ட் பையைக் கையில் எடுத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். கணவர் பிரேசில் பக்கம் எங்கோ இருந்தார், போன் கிடைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது பயம். மறுநாள் வந்தது கோபம். அடுத்த வாரம் முழுக்க, இந்த ஊரில் எனக்கென்று யாருமே இல்லை என்ற எண்ணம். இந்த மூன்றில் கடைசிதான் ரொம்ப வாட்டியது.

சேறு அள்ள 14,000 ராண்ட். இன்சூரன்ஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, பழைய சேதம், எங்கள் பாலிசி தொடங்கும் முன்பே இருந்தது, தர முடியாது என்று எழுதிவிட்டார். 9,500 ராண்ட் கொடுத்து ஓர் இன்ஜினியரிடம் அறிக்கை வாங்கினேன். அவர் விழுந்து கிடந்த ஒரு துண்டைப் புரட்டி, உடைந்த விளிம்பை விரலால் காட்டினார். மேலே புதுப் பூச்சு. அதற்குக் கீழே சுவரில் ஒரு விரிசல், அதில் சாம்பல் நிறக் கலவை அடைத்திருந்தது. இன்னொரு இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய் பூச்சுக்குள் புதைந்திருந்தது. தாங்குசுவர்களில் பின்னால் தேங்குகிற தண்ணீர் வடிவதற்காக வைக்கிற குழாய் அது. பூசினவர் அழகுக்காக எல்லாத் துளைகளையும் சேர்த்து மூடிவிட்டிருந்தார். மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மண் ஊறி, அந்த அழுத்தம் முழுக்கச் சுவர் மேல் விழுந்தது. விரிசலை மறைத்த அதே பூச்சுதான் சுவரையும் தள்ளியது. ஏஜென்ட் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

அப்புறம் வக்கீல். மகளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன், விட்டுவிட்டுப் போக ஆளில்லை. வக்கீல் அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, "அவர் என்ன சொன்னார்? அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்" என்றார். "வெள்ளத்தில் எந்தப் பாதிப்பும் இல்லை என்றார்" என்றேன். மகள் என் கையை இழுத்து, "இல்லம்மா, வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரலன்னுதான் சொன்னார்" என்றாள். வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டார். முதல் வாக்கியத்தை அவர் சொல்லியிருந்தால் அது ஒரு மாதிரி வழக்கு, இரண்டாவது வேறு மாதிரி. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்பது உண்மை, அதை வைத்து யார் மேலும் எதுவும் சொல்ல முடியாது. இத்தனை மாதமாக என் நினைவில் இருந்தது அவருடைய சொல் இல்லை, நான் புரிந்துகொண்டதன் சுருக்கம். தொகை பெரியது என்பதால் சிறு வழக்கு மன்றத்துக்கும் போக முடியாது, அங்கே 20,000 ராண்ட் வரைதான். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனால் நாள் ஆகும், செலவும் ஆகும் என்றார்.

அதற்கப்புறம் கேட்பது சம்பந்தமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் நிக்கல்ஸ் என்ற பேராசிரியர் இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர். 1957இல் அவர் எழுதியது இது: ஒருவர் பேசி முடித்த உடனேயே சோதித்தால்கூட, கேட்டதில் ஏறத்தாழ பாதிதான் நம் நினைவில் இருக்கும். இன்னொன்றும் சொன்னார். மனிதர்கள் நிமிடத்துக்குச் சுமார் 125 சொற்கள் பேசுகிறார்கள், யோசிப்பதோ அதைவிட மிக வேகமாக, அதனால் கேட்கிறவர் மனதில் எப்போதும் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. அந்த மிச்ச இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேட்பதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. அன்று அந்த முற்றத்தில் என் மிச்ச இடம் முழுவதும் அந்த மாமரமும், பூஜை அலமாரியை எந்தச் சுவரோரம் வைக்கலாம் என்ற யோசனையுமாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் வைத்திருக்கிறேன். இவர் இப்போது சொல்வது தன் கண்ணால் பார்த்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா, அவருடைய அபிப்பிராயமா, இல்லை இனி செய்வதாகத் தருகிற வாக்கா? நான்கில் எது என்று மனதுக்குள் ஒரு குறி போட்டுக்கொண்டே கேட்கிறேன். பழகிவிட்டால் கஷ்டமில்லை.

முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபோலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள், இருபத்து நான்காயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட சோதனைகளை ஒன்றுசேர்த்து 2006இல் வெளியிட்ட முடிவு, மனிதர்கள் மெய்யையும் பொய்யையும் சரியாகப் பிரிப்பது 54 சதவீதம்தான் என்கிறது. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். அங்கிளின் முகத்தை எத்தனை தடவை பார்த்திருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அவர் பொய்யே சொல்லவில்லை. ஆளை எடை போடுவதை விட்டுவிட்டுச் சொல்லை எடை போடுங்கள். இது மரியாதையும்கூட. என் ஆபீஸுக்கு வருஷா வருஷம் ஆடிட்டர்கள் வருகிறார்கள். நான் வாயால் சொல்வதை மட்டும் ஆதாரமாக வைத்து அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை, அவர்களுடைய சர்வதேச விதிகளே அது போதாது என்கின்றன. பில் எங்கே, பேங்க் ஸ்டேட்மென்ட் எங்கே என்று கேட்கிறார்கள். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை, டீ கொடுத்து உட்காரவைக்கிறோம். விற்கிற பெரியவரிடம் ஒரு ரசீதைக் கேட்பதும் அப்படிப்பட்டதுதான்.

இதைப் படித்துவிட்டு, இனி யார் கதையையும் மனசு கொடுத்துக் கேட்கக் கூடாது என்று யாராவது முடிவு செய்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் கதையைக் கேட்டதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. இந்த ஊரில் நம்மவர்கள் பட்டது என்ன என்று எனக்கு முதன்முதலாக நேரில் சொன்னவர் அவர்தான். பரிவோடு கேட்கிறபோது நாம் அவர் இடத்தில் போய் நிற்கிறோம். பரிசீலித்துக் கேட்கிறபோது நம் இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய என்னால் முடிவதில்லை, பெரும்பாலோருக்கும் முடியாது என்றே நினைக்கிறேன். ஆகவே இரண்டு தடவை போங்கள். முதல் தடவை டீ குடியுங்கள், கதை கேளுங்கள், அழ வேண்டுமென்றால் அழுங்கள். எதையும் ஒப்புக்கொள்ளாமல் வீடு திரும்பி, கேட்டதையெல்லாம் அன்றிரவே எழுதுங்கள், முடிந்தவரை அவர்கள் சொன்ன சொற்களிலேயே. கூட வந்தவர்கள் இருந்தால், குழந்தையாக இருந்தாலும், அவர்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். இரண்டாவது தடவை அந்தக் காகிதத்தோடு போங்கள். முடிந்தால் மழைக்கு மறுநாள் போங்கள்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு ஆன்ட்டி எனக்குப் போன் செய்தார். அழுகை. "நாங்க உன்னை ஏமாத்தலம்மா, சாமி சத்தியமா." எடுத்த உடனே கத்திவிட வேண்டும் என்றிருந்தது. முடிந்த மட்டும் பொறுத்துக்கொண்டு அவரைப் பேசவிட்டேன். இடையில் புகுந்து பதில் சொல்லவில்லை, என் தரப்பையும் எடுக்கவில்லை. அவர் மூச்சு வாங்கி நிறுத்தியதும், "நீங்க ஏமாத்தணும்னு செய்யலன்னு புரியுது ஆன்ட்டி. அந்த விரிசலை முதல்ல எப்போ பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். சொல்லிவிட்டார். ஏப்ரல் மழை முடிந்த வாரத்தில் பார்த்திருக்கிறார்கள். மகன் ஆள் அனுப்பி அடைத்துப் பூசச் சொல்லியிருக்கிறான். பூசினதும் சரியாகிவிட்டது என்று இரண்டு பேரும் நிஜமாகவே நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் படிவத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். போனை வைத்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதி, "நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, ஆன்ட்டி?" என்று கேட்டு அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஆமாம்மா" என்று பதில் வந்தது. வக்கீல் அம்மாவுக்கு அந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்தது. கோர்ட்டுக்குப் போகாமலே மகன் 45,000 ராண்ட் தர ஒப்புக்கொண்டான். வக்கீலுக்கே 24,000 ஆகிவிட்டது. முழுத் தொகைக்கும் சண்டை போடலாம் என்று சிலர் சொன்னார்கள். என்னிடம் தெம்பில்லை, அந்த இரண்டு வயதானவர்களைக் கோர்ட்டில் நிறுத்த மனமும் இல்லை.

கேட்டதை எழுதி அவருக்கே திருப்பி அனுப்புகிற இந்தப் பழக்கத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நிலம் விற்கிற வாங்குகிற ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று 1981ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது, வாய்ப்பேச்சை நம்பிப் பயனில்லை. அதைவிட முக்கியம், இரண்டு பேர் ஒரே பேச்சிலிருந்து வேறு வேறு அர்த்தத்தோடு எழுந்து போவதை இது அந்த இடத்திலேயே காட்டிவிடும். புதுச் சுவரைக் கட்ட வந்த பில்டர், "மொத்தமா 1,63,000, ஜூன்ல முடிச்சுடலாம்" என்றார். நேர்மையான ஆள், பக்கத்துத் தெருவில் இரண்டு சுவர் கட்டியவர். அன்று மாலையே அவருக்கு எழுதினேன்: அடித்தளம், தண்ணீர் வடியும் குழாய்கள், சுவருக்குப் பின்னால் சரளைக்கல், பழைய மண்ணை அள்ளி வெளியே கொண்டுபோவது, எல்லாம் சேர்த்து 1,63,000, சரிதானே அண்ணா? அரை மணி நேரத்தில் பதில் போட்டார். மண் அள்ளுவது அதில் சேராது, அதற்குத் தனியாக 22,000 ஆகும், சொல்ல விட்டுப்போச்சு, மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். சரி என்று எழுதினேன். 1,85,000 என்று போட்டு இரண்டு பேரும் கையெழுத்திட்டோம், மறுவாரம் வேலை ஆரம்பித்தார்கள்.